வானலையில் புகுந்த குறும்பு

அசாம் ஜாவா வழியாகக் கோல சிலாங்கூருக்குச் செல்வோர், ஊரை நெருங்கியதும் மெலாவத்திக் குன்றின்மேல் நிற்கும் கலங்கரை விளக்கத்தைக் காண்பர். 1907ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற அவ்விளக்கம் மலாக்கா நீரிணையில் செல்லும் கப்பல்களுக்கு வழிகாட்டுவது. அதன் ஒளி வணிகன் கண்ணுக்கும் தெரியும். கொள்ளையன் கண்ணுக்கும் தெரியும். விளக்கை ஏற்றியவன் விரும்பினாலும் அதை ஒருவனுக்கு மட்டும் காட்டி மற்றொருவனுக்கு மறைத்தல் இயலாது. அதே கரையில் வேறொருவன் போலி விளக்கு ஒன்றை ஏற்றிவிட்டாலோ, எது மெய், எது பொய் என்று மாலுமி மயங்குவான்.

கம்பியில்லாத் தந்தியின் வரலாறும் இதுவே. ஒளியலையும் வானொலியலையும் ஒரே இனத்தைச் சேர்ந்த மின்காந்த அலைகள், நீளத்தில்தான் வேறுபாடு. வானலை எல்லார்க்கும் பொது என்னும் உண்மையை அறிஞர் எழுதினர். அரசாங்கங்கள் மறைக்க முயன்றன. ஆனால் அதனை உலகம் உணரும்படி முதலில் வெளிப்படுத்தியவன் ஒரு செப்படி வித்தைக்காரன். பொழுதுபோக்காகக் கருவி செய்தோரின் குறும்பும், அக்குறும்பால் பிறந்த சட்டமும், அச்சட்டத்தின் விளைவாக நம் நாட்டு மக்கள் பெற்ற பயனும் ஒரு தொடர்கதையாக நிற்கின்றன. அதனை முறையாக ஆராய்தல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன் தருவதாகும்.

குறுக்கீடு நால்வகை

ஒருவன் பேச்சு மற்றொருவன் செவியை அடையாமல் இடையே புகுந்து கெடுப்பது குறுக்கீடு. வானலையில் அது நால்வகைப்படும். இடி மின்னலால் வருவது இயற்கைக் குறுக்கீடு. பிற்பகல்தோறும் இடி முழங்கும் மலாயாவில் இதற்குக் குறைவில்லை. கருவியைக் கையாளத் தெரியாமையால் வருவது அறியாமைக் குறுக்கீடு. விளையாட்டாகச் செய்வது குறும்பு. வேண்டுமென்றே வாயடைப்பது பகை. இந்நான்கையும் ஒன்றாக எண்ணித் தண்டித்த காலமும் உண்டு. நான்கையும் ஒன்றாக எண்ணி நகைத்த காலமும் உண்டு. இரண்டும் தவறே.

தொடக்க காலத்துக் கருவிகளின் இயல்பை அறிந்தால்தான் இவ்வரலாறு விளங்கும். அந்நாளில் செய்தி அனுப்பியது மின்பொறிக் கருவி. இரு உலோக முனைகளுக்கிடையே பொறி பாயும்போது அலை எழும். ஆனால் அவ்வலை ஒரே நீளத்தில் அடங்கி நில்லாமல் பல நீளங்களிலும் பரவிவிடும். தப்பு முழங்கும் இடத்தில் புல்லாங்குழல் கேளாததுபோல, ஒரு பொறிக் கருவி இயங்கினால் சுற்று வட்டாரத்தில் பிறிதொரு கருவியின் செய்தி கேளாது. செய்தியை வாங்கிய கருவியும் அத்தகையதே. எந்த அலை வந்து தட்டினாலும் அது விழித்துக்கொள்ளும். வந்தவன் நண்பனா அயலானா என்று கேளாது.

இக்குறையை நீக்கச் சுருதி சேர்க்கும் முறையை மார்க்கோனி கையாண்டார். இரு வீணைகளை ஒரே சுருதியில் வைத்து ஒன்றின் தந்தியை மீட்டினால் மற்றொன்றின் தந்தியும் அதிரும். அதுபோல அனுப்பும் கருவியையும் வாங்கும் கருவியையும் ஒரே அலைக்கு இசைவித்தால் மற்றவை புகமாட்டா என்பது அவர் கருத்து. 1900ஆம் ஆண்டில் அவர் பெற்ற 7777ஆம் எண் காப்புரிமை இதற்குரியது. கருத்துச் சரியானதே. ஆனால் அக்காலக் கருவிகளைக் கொண்டு அது முழுமையாக நிறைவேறிவிட்டதாக அவர் உலகுக்கு அறிவித்தது மிகையாகும். 1903ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தம் கருவியோடு இசைவிக்கப்படாத எந்தக் கருவியும் தம் செய்தியை ஒட்டுக்கேட்க இயலாது என்று அவர் பத்திரிகைக்குக் கூறினார். அச்சொல்லே வம்பை விலைக்கு வாங்கியது.

எலி என்று வந்த செய்தி

1903ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியர் ஜான் அம்புரோஸ் பிளெமிங் விரிவுரை ஆற்றினார். ஏறக்குறைய 300 மைல் தொலைவில், கார்ன்வால் கரையிலுள்ள போல்டுவில் மார்க்கோனி காத்திருந்தார். விரிவுரையின் முடிவில் அவர் அனுப்பும் செய்தி அவையோர் முன் வந்து சேரவேண்டும் என்பது ஏற்பாடு. குறித்த நேரம் வருமுன்னரே, மேடையில் இருந்த வில்விளக்கிலிருந்து சீரான தட்டொலி எழுந்தது. பேராசிரியரின் உதவியாளர் ஆர்தர் பிளாக் மோர்ஸ் குறியீடு அறிந்தவர். அவர் செவிக்கு அந்த ஒலி ஒரே சொல்லாகத் திரும்பத் திரும்பக் கேட்டது: எலிகள், எலிகள். பின்னர், இத்தாலியிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் ஊரை ஏமாற்றினான் என்னும் பொருள்பட ஒரு கேலிப் பாட்டும் வந்தது. மார்க்கோனியின் செய்தி தொடங்குமுன் அது ஓய்ந்தது. அவையிலிருந்தோருள் பெரும்பாலோர் நடந்ததை அறியவேயில்லை.

பிளெமிங் கொதித்தெழுந்தார். இது விஞ்ஞானக் காலித்தனம் என்று லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதி, செய்தவனைக் கண்டுபிடிக்க வாசகரின் உதவியை வேண்டினார். இரண்டே நாளில் குறும்பு செய்தவரே தம் பெயரிட்டுப் பதில் எழுதினார். அவர் நெவில் மாஸ்கலின். மாயவித்தைக் குடும்பத்தில் பிறந்தவர். வித்தை மேடைக்காகக் கம்பியில்லாத் தந்தியைத் தாமே பயின்றவர். அருகிலிருந்த அரங்கொன்றில் எளிய பொறிக் கருவியை வைத்தே அவர் இதனைச் செய்து முடித்தார். பிறர் புக இயலாது என்று மார்க்கோனி பொதுமக்களுக்குச் சொல்லியிருக்கும்போது, புகுந்து பார்ப்பதுதானே சோதனை என்பது அவர் வாதம்.

இங்கு ஒன்றை மறத்தலாகாது. மாஸ்கலின் நடுநிலையாளர் அல்லர். 1901ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் அட்லாண்டிக் கடலைத் தாண்டி மார்க்கோனி குறியொலி வாங்கியதாக அறிவித்ததும், கடலடிக் கம்பித் தந்திக் கம்பெனிகள் நடுங்கின. அவற்றுள் பெரியதான ஈஸ்டர்ன் தந்திக் கம்பெனி மாஸ்கலினை அமர்த்தி, போல்டுவுக்கு அணித்தாகக் கம்பம் நாட்டி மார்க்கோனியின் செய்திகளை ஒட்டுக்கேட்கச் செய்தது. அவர் கேட்டார், கேட்டதை 1902ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். 1871ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கடலடிக் கம்பி இட்ட நிறுவனமும் அதே கம்பெனிக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆதலின் லண்டனில் எழுந்த இப்பூசல் நம் கரைக்கு முற்றிலும் அயலானது அன்று. தமிழகத்தையும் மலாயாவையும் இணைத்த கம்பியின் ஆதாயமும் அதில் பணயமாய் இருந்தது.

மாஸ்கலின் சொன்னது உண்மை. சொல்லத் தூண்டியது கூலி. சொன்ன முறை குறும்பு. மூன்றையும் தனித்தனியே எடைபோடவேண்டும். கூலி வாங்கியவன் வாயிலிருந்து வந்ததால் உண்மை பொய்யாகிவிடாது. உண்மையைச் சொன்னதால் கூலி தூய்மையாகிவிடவும் மாட்டாது.

விளையாட்டு வினையான கதை

வரவேற்பறைக் குறும்பு கடலுக்குச் சென்றபோது அதன் நிறம் மாறியது. அமெரிக்காவில் 1912ஆம் ஆண்டுவரை யாரும் உரிமம் இன்றிக் கருவி அமைத்து அலை எழுப்பலாம். ஆயிரக்கணக்கான சிறுவரும் இளைஞரும் வீட்டு மாடிகளில் ஏரியல் கட்டினர். அவர்களுள் நல்லோரே மிகுதி. எனினும் கடற்படை அதிகாரிகள் பெயரால் போலி ஆணை அனுப்பியோரும், இல்லாத கப்பல் மூழ்குவதாக ஓலமிட்டோரும் இருந்தனர். கப்பல்களும் கடற்படையும் முறையிட்டன, கேட்பார் இல்லை.

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் டைட்டானிக் மூழ்கியது. அன்று பத்திரிகைகள் சில, பயணிகள் அனைவரும் பிழைத்தனர் என்றும் கப்பல் ஹாலிபாக்ஸ் துறைமுகத்துக்கு இழுத்துச் செல்லப்படுகிறது என்றும் செய்தி வெளியிட்டன. உண்மையில் 1,500 பேருக்கு மேல் இறந்துவிட்டனர். இப்பொய்க்குப் பொழுதுபோக்காளரே காரணம் என்று பலர் பழி சுமத்தினர். பயணிகள் நலமா என்று வினவிய செய்தியும், வேறொரு கப்பல் இழுத்துச் செல்லப்படுவது பற்றிய செய்தியும் நெரிசலில் கலந்து இவ்வாறு திரிந்தன என்பதே பிற்காலத்தார் தரும் விளக்கம். அவ்விளக்கத்தின்படி அது குறும்பன்று, குழப்பம். ஆயினும் முன்னர்ப் பலமுறை பொய்க்கூச்சல் இட்டவனை ஊர் நம்புமா? புலி வருகிறது என்று விளையாடிய இடையன் கதைதான். குறும்பின் பெருங்கேடு அது சொல்லும் பொய்யில் இல்லை. பின்னர்ச் சொல்லப்படும் மெய்யையும் அது ஐயத்துக்கு உள்ளாக்குவதே.

அவ்வாண்டு ஆகஸ்டில் அமெரிக்கா வானொலிச் சட்டம் இயற்றியது. பொழுதுபோக்காளர் உரிமம் பெறவேண்டும். 200 மீட்டருக்கு மேற்பட்ட அலைநீளத்தைத் தொடலாகாது என்று அது விதித்தது. குறுகிய அலைகள் நெடுந்தொலைவு செல்லமாட்டா என்பது அன்றைய அறிஞர் துணிபு. பயனற்ற தரிசு என்று கருதியே அவற்றை இளைஞர்க்கு ஒதுக்கினர்.

அந்தத் தரிசில்தான் புதையல் இருந்தது. 1921ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கப் பொழுதுபோக்காளரின் சிற்றலைக் குறியொலியை ஸ்காட்லாந்துக் கரையில் பால் காட்லி கேட்டார். 1923ஆம் ஆண்டு நவம்பரில் பிரான்சின் லியோன் டெலாயும் அமெரிக்காவின் பிரெட் ஷ்னெலும் கடல் கடந்து ஒருவரோடொருவர் உரையாடினர். வானத்தின் உயரத்தே மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கில் பட்டுச் சிற்றலை திரும்பி வருவதால்தான் இது இயல்வதாயிற்று. அவ்வடுக்கை 1924ஆம் ஆண்டில் ஆப்பிள்டன் சோதனையால் மெய்ப்பித்தார். கல்கத்தாவில் சிசிர் குமார் மித்ரா அதனை ஆராய்ந்து புகழ்பெற்றார். குறும்பரைத் தண்டிக்க எழுந்த சட்டம், உலகெங்கும் குரல் பரப்பும் வழியை அவர்கள் கையிலேயே கொடுத்தது. வரலாற்றில் இத்தகைய நகைமுரண் அரிது.

மலாயாவிலும் சென்னையிலும்

மலாயாவுக்கு வானொலியைக் கொணர்ந்தவரும் ஆர்வலரே. 1921ஆம் ஆண்டில் ஜொகூர் அரசாங்கத்தின் மின்சாரப் பொறியாளர் ஏ. எல். பர்ச் இந்நாட்டின் முதல் வானொலிப் பெட்டியைக் கொண்டுவந்தார். ஜொகூரிலும் பின்னர்க் கோலாலம்பூரிலும் ஆர்வலர் சங்கங்கள் தோன்றின. கோலாலம்பூர்ச் சங்கம் புக்கிட் பெட்டாலிங்கிலிருந்து ஒலிபரப்பியது. பினாங்குச் சங்கத்தின் ஒலிபரப்பு 1934ஆம் ஆண்டில் எழுந்தது. சிங்கப்பூர் கால்டிகாட் குன்றில் பெரிய நிலையம் 1937ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் திறக்கப்பட்டது.

தமிழகத்திலும் அவ்வாறே. 1924ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிச் சங்கம் தோன்றியது. ஜூலை 31ஆம் நாள் அது 40 வாட் கருவியைக் கொண்டு ஒலிபரப்பத் தொடங்கியது. பணமின்மையால் 1927ஆம் ஆண்டு அக்டோபரில் நின்றது. சங்கம் விட்டுச்சென்ற கருவியைக் கொண்டு சென்னை மாநகராட்சி 1930ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பணியைத் தொடர்ந்தது. அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள்தான் வந்தது. அரசாங்கம் வருவதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டு வானத்தில் விளக்கேற்றி வைத்தவர் பொழுதுபோக்காளரே என்பதைத் தமிழாசிரியர் மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

அந்நாளில் அறியாமைக் குறுக்கீடு வீட்டுக்கு வீடு இருந்தது. ஒலியைப் பெருக்குவதற்காக, வெளிவரும் ஆற்றலில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே செலுத்தும் அமைப்புடைய பெட்டிகள் மலிவாகக் கிடைத்தன. ஆசை மிகுந்து குமிழை அளவுக்கு மேல் திருப்பினால், கேட்கும் பெட்டியே அலை எழுப்பும் பெட்டியாகிவிடும். அண்டை வீட்டுப் பெட்டிகள் எல்லாம் ஊளையிடும். குற்றம் செய்தவன் தான் செய்வதை அறியான். அயலான் பெட்டியைக் குறை கூறிக்கொண்டிருப்பான். பெட்டியை அளவோடு திருப்புங்கள் என்று இங்கிலாந்தில் பி.பி.சி.யின் தலைமைப் பொறியாளர் எக்கர்ஸ்லி வானொலியிலேயே நேயர்களைக் கேட்டுக்கொள்ளவேண்டி வந்தது. கேட்பவன் தன்னை அறியாமலே பேசுபவனாகிப் பிறர் செவியைக் கெடுக்கும் நிலை, கைத்தொலைபேசியில் வந்த வதந்தியை ஆராயாமல் பிறர்க்கு அனுப்பும் இந்நாளில் முற்றிலும் நமக்குப் புதிதன்று.

கேட்டதற்கே தண்டனை

போர் வந்தது. 1939ஆம் ஆண்டில் இந்தியாவில் பொழுதுபோக்காளரின் உரிமங்கள் நீக்கப்பட்டன. ஆயினும் கற்ற கை சும்மா இராது. 1942ஆம் ஆண்டு ஆகஸ்டில் காந்தியடிகளும் தலைவர்களும் சிறைப்பட்டதும், பம்பாயில் உஷா மேத்தா என்னும் 22 வயதுக் கல்லூரி மாணவியும் நண்பர்களும் மறைவான ஒலிபரப்பு நிலையம் ஒன்றைத் தொடங்கினர். கருவியை அமைத்தவர் போருக்கு முன் பொழுதுபோக்காளராய் இருந்த நரிமன் பிரிண்டர். ஆகஸ்ட் 27ஆம் நாள் முதல் 42.34 மீட்டர் அலையில் காங்கிரஸ் வானொலி பேசியது. அரசாங்கம் மறைத்த செய்திகளை அது வெளியிட்டது. அலை வரும் திசையைக் கண்டறியும் வண்டியுடன் போலீசார் தேட, நிலையம் வீடு வீடாக மாறியது. நவம்பர் 12ஆம் நாள் பிடிபட்டது. உஷா மேத்தா நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

சட்டத்தின் கண்ணில் இதுவும் உரிமமில்லாக் குறுக்கீடே. ஆனால் மாஸ்கலினின் குறும்போடு இதனை ஒரே தராசில் வைப்பார் யார்? ஒன்று பிறர் பேச்சைக் கெடுக்கப் புகுந்தது. மற்றொன்று பேச்சிழந்த மக்களுக்குப் பேச்சாக நின்றது.

மலாயாவில் நிலைமை இன்னும் கொடியது. ஜப்பானியர் ஆட்சியில் அயல்நாட்டுச் செய்தியைக் கேட்பதே பெருங்குற்றம். 1943ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பல்கள் சில வெடித்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து கடல்வழி வந்த நேசநாட்டு வீரர்கள் படகில் நெருங்கிச் செய்த செயல் அது. ஜப்பானியக் காவற்படை அதை அறியாமல், சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்த குடிமக்கள் கம்பியில்லாக் கருவி மூலம் சதி செய்ததாக எண்ணியது. அக்டோபர் 10ஆம் நாள் சிறையைச் சோதனையிட்டது. கைதானோர் 57 பேர். வதையால் இறந்தோர் 15 பேர். அவர்களிடம் மறைவாக இருந்தவை கேட்கும் பெட்டிகள் மட்டுமே. பேசும் கருவி இல்லை. கேட்பதற்கும் பேசுவதற்கும் உள்ள வேறுபாட்டை அறியாத, அறிய விரும்பாத அதிகாரத்தின் கையில் 15 உயிர்கள் மாய்ந்தன.

பேராக் மாநிலத்துப் பாப்பானில், இலங்கைத் தமிழ் மரபினரான டாக்டர் கதிகாசுவின் துணைவியார் சிபில் கதிகாசு வானொலிப் பெட்டியை மறைத்து வைத்து லண்டன் செய்தியைக் கேட்டு, நம்பத்தக்கோர்க்குச் சொல்லிவந்தார். எதிர்ப்புப் படையினர்க்கு மருத்துவமும் செய்தார். 1943ஆம் ஆண்டில் பிடிபட்டு, சொல்லொணா வதைகளுக்கு ஆளாகியும் பிறர் பெயரை அவர் கூறவில்லை. போர் முடிந்தபின் ஜார்ஜ் பதக்கம் பெற்றார். வதையின் விளைவால் 1948ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இறந்தார். ஒரு பெட்டியின் குமிழைத் திருப்பியதற்கு மலாயா கொடுத்த விலை இது.

குறும்பும் பொறுப்பும்

அமைதி திரும்பியபின் பொழுதுபோக்காளரும் திரும்பினர். மலாயாவின் அமெச்சூர் வானொலிச் சங்கம் 1952ஆம் ஆண்டில் உருவாயிற்று. இந்நாளில் மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்கீழ் அவர்கள் இயங்குகின்றனர். குறும்பும் மறையவில்லை. ஆப்பிள் கம்பெனியை நிறுவியோருள் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், கல்லூரி நாளில் சிறு கருவியைக் கைக்குள் மறைத்து விடுதித் தொலைக்காட்சியின் படத்தைக் கெடுப்பாராம். அதைச் சீராக்கத் தோழர்கள் பெட்டியைத் தட்டியும் கையை அதன்மேல் வைத்தும் பட்ட பாட்டைத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் அமெரிக்காவில் துணைக்கோள் வழிவந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியை ஒரு நிலையத் தொழிலாளி தம் சொற்களால் நான்கரை நிமிடம் மறைத்தார். கட்டண உயர்வை எதிர்த்தே அவ்வாறு செய்தார். அவருக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது, சட்டமும் கடுமையாயிற்று. 1903இல் கண்ட வழியே மீண்டும் நிகழ்ந்தது: புக இயலாது என்ற செருக்கு, புகுந்து காட்டிய குறும்பு, பின்னே வந்த சட்டம்.

இதன் எதிர்ப்பக்கத்தையும் காணவேண்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் பெண்மணியும் குழுவினரும் உலக நண்பர்களோடு உரையாடும் பொழுதுபோக்குக்காக அந்தமான் போர்ட் பிளேர் சென்று கருவி அமைத்திருந்தனர். 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்து தொலைபேசிகள் செயலிழந்தன. அக்கணமே அவர்கள் பொழுதுபோக்கை நிறுத்தித் தீவுகளின் செய்தியை நிலப்பரப்புக்கும், உற்றாரைத் தேடியோர்க்கு மறுமொழியையும் இடைவிடாது அனுப்பினர். அன்று உலகம் அவர்கள் சொல்லை நம்பியது. பல்லாண்டாகப் பொய் சொல்லாமல் காத்த நம்பிக்கையே அன்று உயிர்களுக்குத் துணையாயிற்று.

மாணவன் கையில் கருவியைக் கொடுக்க அஞ்சவேண்டுவதில்லை. கருவியைப் பிரித்துப் பார்க்கும் குறும்பு அறிவின் முதற்படி; அக்குறும்பு இன்றேல் சிற்றலையும் இல்லை, சென்னை வானொலியும் இல்லை. ஆனால் வானலை எவர் தனியுடைமையும் அன்று. அதில் ஒருவன் பேசும்போது பலர் செவியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறான். மெலாவத்திக் குன்றின் விளக்கை நம்பி மாலுமி திசை திருப்புவது, அது நூறாண்டுக்கு மேலாகப் பொய் காட்டாததால்தான். கருவியின் நுட்பத்தோடு இவ்வுண்மையையும் சேர்த்துக் கற்பிப்பதே பள்ளியின் கடமையாகும்.